வீடு தேடிச் சென்று விசாரிப்போம்

கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த பெண்ணுக்காக முதன்முறை தெருவே கூடி அழுதாலும், மறுமுறையும் அவ்வாறே நேர்ந்துவிட்டால், "இவளுக்கு இதே வேலை, சும்மா மிரட்டுகிறாள்" என்ற பேச்சு திண்ணைதோறும் கிளம்பிவிடுகிறது. இதனினும் அபாயகரமான அபிப்பிராயம் வேறில்லை. ஏனெனில், முன்பு முயன்றவரே பின்னர் உயிரிழக்கும் ஆபத்துக்கு அதிகம் உட்பட்டவர் என்பது மனநல வைத்தியர் நெடுங்காலமாகக் கண்ட உண்மை.

இத்தகையோருள் சிலரை எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்னும் பிணி பற்றியிருக்கலாம். அன்புடையார் கைவிட்டுவிடுவரோ என்னும் ஓயாத அச்சமும், காலையில் தெய்வமாகத் தோன்றியவரே மாலையில் சத்துருவாகத் தோன்றும் கொந்தளிப்பும், அடங்காச் சினமும், உள்ளத்தே ஒரு சூனியமும் அதன் லட்சணங்கள். இவர்களுள் பெரும்பாலோர் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயல்கின்றனர். பத்தில் ஒருவர் வரை மாண்டதாகப் பழைய ஆய்வுகளும், அதனினும் குறைவென்று பிந்தியவையும் கூறுகின்றன. ஆயினும் இது தீராப் பிணியன்று. இதற்கான சிகிச்சை முறையை 1993இல் நூலாக வெளியிட்ட அமெரிக்க உளவியலறிஞர் மார்ஷா லினஹன், இளமையில் தாமும் இத்துயரில் ஆழ்ந்து மீண்டவர் என்பதை 2011இல் உலகறியச் சொன்னார்.

மாதக்கணக்கில் வாரந்தோறும் சென்று பெற வேண்டிய அச்சிகிச்சை, குறுவைக்கும் தாளடிக்கும் நாற்று நடப் போகும் பெண்ணுக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் எளிய உபாயம் ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம், சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் ஒரு பரீட்சை நடத்தியது. அவர்களுள் ஒரு பகுதியினருடன் ஒருமணி நேரம் ஆதரவாகப் பேசி, பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்புகொண்டு நலம் விசாரித்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் ஆயிரத்துக்கு 22 பேர் தற்கொலையால் இறக்க, விசாரிக்கப்பட்டோரில் அவ்வாறு இறந்தவர் ஆயிரத்துக்கு இருவரே என 2008இல் முடிவு வெளியாயிற்று. இப்பிணியாளரை மட்டும் கருதிய ஆய்வன்று அது. எனினும், கைவிடப்படுவோம் என்று அஞ்சுவோருக்கு இதனினும் பொருத்தமான ஔஷதம் ஏது?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடுதோறும் வருகிறார்கள். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரின் வீட்டுக்கும் அவர்கள் ஒன்றரை ஆண்டு விடாமல் சென்று விசாரித்து வருமாறு அரசாங்கம் பணிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அவ்வெண்ணம் வளருமென்று அஞ்ச வேண்டா; பரிவுடன் நேரே கேட்பது அதை வளர்ப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது.

அரசாங்கம் வரும்வரை காத்திராமல் குடும்பத்தார் செய்யத்தக்கதும் உண்டு: எத்தனையாவது முறையாயினும் மெய்யென்றே கொள்ளுங்கள், தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள், இரவாயினும் பகலாயினும் 14416 என்னும் இலவச எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசகரை அழையுங்கள்.