அர்த்தம் சொல்வது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர் பீச்சில் நடந்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு மாடி ஹாலில் இருந்து மைக்கில் அந்நிய பாஷை கேட்கும். சடசடவென்று ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டும். ஒரு வார்த்தை புரியாது. "எல்லாம் அமெரிக்கச் சரக்கு சார்" என்றார், டீக்கடையில் பக்கத்தில் நின்றவர்.

இல்லை சார். லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில், சீமோர் என்ற கறுப்பினப் போதகரின் கூட்டத்தில் இது பற்றிக்கொண்டது 1906-ல். அதற்கு 46 வருஷம் முன்னாலேயே, 1860-ல், திருநெல்வேலிச் சீமை கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் சபையில் சனங்கள் அந்நிய பாஷை பேசியிருக்கிறார்கள். கூடவே அர்த்தமும் சொல்லியிருக்கிறார்கள். அருளப்பனே எழுதிவைத்திருக்கிறார். இறக்குமதி என்று திட்டுகிறவர்கள் பில்லைச் சரிபார்க்கட்டும்.

அது பாஷைதானா? பைபிளில், பெந்தெகொஸ்தே நாளில் வெளியூர்க்காரர்கள் அவரவர் தாய்மொழியிலேயே கேட்டதாக இருக்கிறது. அதை நம்பி, தனக்கு வங்காளம் வந்துவிட்டது என்று அசூசாவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார் ஆல்ஃபிரட் கார். வந்து இறங்கினால், ஒருத்தருக்கும் புரியவில்லை! மொழியியலாளர் சமாரின் 1972-ல் சொன்னது: பேசுகிறவரின் தாய்மொழி ஒலிகளே மாறி மாறி அடுக்கப்படுகின்றன, அகராதி, இலக்கணம் எதுவும் கிடையாது. அதற்காக நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. 2006-ல் நியூபெர்க் குழு ஐந்து பெண்களைப் பரிசோதித்தது. பாஷை பேசும்போது அவர்களுடைய முன்மூளையில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. 'நானாகப் பேசவில்லை' என்று அவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போகிறார். "அழுது பேசி முடிச்சா மனசு லேசாயிடும் சார்." ஆகட்டுமே. கோயிலில் அருள் வந்து ஆடினாலும் அப்படித்தான். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. போன மாதம் மகளின் தோட்டை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்திருக்கிறார். ஆண்டவர் பாஷையில் கேட்டாராம்.

"பாஷையில பேசினது யாரும்மா?"

"ஐயாதான்."

"அர்த்தம் சொன்னது?"

"அதுவும் ஐயாதான்."

நான் பி.காம். பணம் வாங்குகிறவரே கணக்கையும் தணிக்கை செய்யக் கூடாது என்பது பாலபாடம். பவுல் பி.காம். படிக்கவில்லை, ஆனாலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார். இரண்டு மூன்று பேர் மட்டும், ஒவ்வொருவராகப் பேசட்டும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் மௌனம். தீர்க்கதரிசனம் வந்தால் மற்றவர்கள் நிதானிக்கட்டும். அந்த 'மற்றவர்கள்' எங்கே என்று அந்த ஐயாவின் சபையில் ஒருத்தராவது எழுந்து கேட்க வேண்டாமா?

இதை அந்த அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன மாசம் உங்க வீட்ல ஹோமம் பண்ணாங்களே, அதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்றார்.

சம்ஸ்கிருதத்துக்கு அகராதி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நான் புரட்டிப் பார்த்ததில்லை.