குடத்துக்குள் போகாத பெயர்கள்

உத்திரமேரூர் என்றதும் பாடப்புத்தகம் குடவோலையைச் சொல்லும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அந்த முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். குலுக்கலில் சூது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சொந்த நிலமும் மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. ஏர் பிடித்தவர் பெயர் போகவில்லை. குலுக்குவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

இன்று வணிக நிறுவனங்கள் சேர்த்து வைத்திருக்கும் தரவும், அதாவது டேட்டாவும், இப்படியொரு குடம்தான். யார் எதை வாங்கினார், எந்தத் தெருவுக்குப் பார்சல் போனது என்று எண்ணிப் பார்த்து, யாருக்கு எந்த விளம்பரம், எந்தச் சலுகை என்று கணினி முடிவு செய்கிறது. 'கணினிக்கு ஏது சாதி?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் 2016-ல் நடந்ததைக் கேளுங்கள். ஆர்டர் செய்த அன்றே பொருளைக் கொண்டுவந்து தரும் சேவையை அமேசான் பல நகரங்களில் நடத்திவந்தது. புளூம்பெர்க் செய்தி நிறுவனம் அதை வரைபடமாகப் போட்டுப் பார்த்தது. பாஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ராக்ஸ்பரி விடுபட்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த பகுதிகளுக்குச் சேவை இருந்தது. இனத்தைப் பார்க்கவில்லை, சந்தாதாரர் எண்ணிக்கை போன்றவற்றைத்தான் பார்த்தோம் என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கலாம். இனம் என்ன என்று கேட்காமலே இனவாரியாகப் பிரித்துவிட முடிகிறதே, அதுதான் சங்கதி. கண்டனம் எழுந்தபின் ராக்ஸ்பரியையும் சேர்த்தார்கள்.

நம் பக்கம் ஊருக்கும் சேரிக்கும் ஒரே பின்கோடு. முகவரியில் 'காலனி' என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கும். பிரிக்க நினைப்பவருக்கு அது போதும். நினைக்காதவரின் கணினிக்கும் போதும். அங்கே வாங்கியது குறைவு என்று சேவை வராது. சேவை வராததால் அடுத்த ஆண்டுக் கணக்கும் குறையும்.

பெயரும் காட்டிக்கொடுக்கும். ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வை சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-ல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரைவிட தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மனிதர்களின் இத்தகைய தேர்வுகளைப் பார்த்துப் பழகும் கணினி வேறெதைக் கற்கும்?

இதில் நட்டம் நமக்கு மட்டுமல்ல. ஒரகடம் ஆலைக்குக் கம்பெனி பஸ் ஏறும் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் காலனியில் இருக்கிறார்கள். ஒரு செல்போனை வீடே பயன்படுத்துகிறது. அப்பா நெல் விலை பார்ப்பார், மகள் டிஎன்பிஎஸ்சி வினாத்தாள் தேடுவாள். கணினிக்கு இருவரும் ஒரே ஆள். 'அங்கே வாங்கமாட்டார்கள்' என்று கணக்கை மூடும் மேலாளருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. 'நாம் அங்கே போனோமா?' என்று கேட்பவருக்குப் புது வாடிக்கையாளர் கிடைப்பார். தன் மனத்தில் காலனியைப் பற்றி ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி எழும்.

பி.காம்., எம்.பி.ஏ. படிக்கும் நம் பிள்ளைகள் நாளை இந்தக் கணக்குகளின் முன் உட்காரப் போகிறார்கள். சராசரியைப் பார்க்கும் முன், எந்தத் தெரு அதில் இல்லை என்று பாருங்கள்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். தனியாரிடம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட முகவரிகளை அந்த அறிவிப்பு தானாகத் திருத்திவிடாது. நம்மைப் பற்றிய விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமை, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.