உன் இஷ்டம் என்னம்மா?

"உன் இஷ்டம் என்னம்மா?" என்று நம் வீடுகளில் பெண்ணைக் கேட்பது எப்போது? பெரும்பாலும் எல்லாம் முடிவான பிறகுதான். நாள் பார்த்தாகிவிட்டது, சத்திரத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கிறோம். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, "உங்கள் இஷ்டம், அப்பா" என்கிறாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று நாம் பூரித்துப் போகிறோம். அது அடக்கம் மட்டும்தானா, சகோதரிகளே? தன் இஷ்டம் எது என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

ஏதோ ஒரு வீட்டு விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. திருப்பூர்ப் பக்கத்தில் இதை ஒரு திட்டமாகவே வகுத்து நடத்தியிருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கொடியில் காயும் பனியன்களில் பல திருப்பூரில் தைத்தவை. அந்தத் துணிக்கு வேண்டிய நூலைத் திருப்பூர், கோயமுத்தூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களில் உள்ள நூற்பாலைகள் நூற்றுக் கொடுக்கின்றன. 2000-ஆம் வருஷத்தை ஒட்டி இந்த ஆலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற ஏற்பாடு பரவிற்று. பெயர் எவ்வளவு மங்களகரமாக இருக்கிறது பாருங்கள்! கல்யாணமாகாத இளம் பெண்கள் மூன்று வருஷம் ஆலையின் விடுதியிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். மாதாமாதம் கைக்கு வருவது சொற்பம். மூன்று வருஷம் முடிந்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். கல்யாணச் செலவுக்கு ஆயிற்று!

தென் ஜில்லாக்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பெண்கள் ஏராளமாக வந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் அவர்களில் உண்டு. நெதர்லாந்து தேசத்து ஸ்தாபனங்கள் இரண்டு 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. நெடுநேர வேலை, விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, வீட்டாரோடு டெலிபோனில் பேசவும் கட்டுப்பாடு என்று அதில் விவரம் இருந்தது. உடம்புக்கு முடியாமலோ வேறு காரணத்தாலோ நடுவில் நின்றுவிட்ட பெண்களில் பலருக்கு அந்த மொத்தத் தொகையும் இல்லாமல் போயிற்று.

பெற்றவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. வரதட்சிணையைத் தடுக்கச் சட்டம் வந்தது 1961-ல். ஆனாலும் நகையும் ரொக்கமும் கேட்பது நின்றதா? கையில் ஒன்றுமில்லாத தகப்பன் வேறு என்ன செய்வான்?

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பாடுபட்டவள் அந்தப் பெண். பணம் அவளுடையது. அவள் வேலைக்குச் சேரும் முன்பே, அந்தப் பணம் எதற்கு என்று தீர்மானமாகிவிட்டது. மேலே படிக்கலாமா, ஒரு தையல் மெஷின் வாங்கலாமா, தம்பியைப் படிக்க வைக்கலாமா என்ற யோசனைக்கே இடமில்லை. அவளுக்குக் கல்யாணத்தில் மனப்பூர்வமான ஆசை இருக்கலாம், அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் அது தன் ஆசைதானா என்று தெரிந்துகொள்ள அந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை.

அதே திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். செக்கிங், மடிப்பு, தையல் என்று பல வேலை. அங்கே வாரச் சம்பளம் வெகு காலப் பழக்கம். சனிக்கிழமை கையில் காசு வந்துவிடும். அவர்களுக்கும் கஷ்டம் உண்டு. சரக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் இரவு வேலை. ஆர்டர் இல்லாத வாரம் வெறுங்கை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறை அவர்கள் ஏதாவது முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. சீட்டுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, தனக்கென்று இவ்வளவு. ஒரு வாரம் ஆசைப்பட்டு வாங்கிய புடவை பிறகு பெட்டியிலேயே கிடக்கும். இன்னொரு வாரம் தயங்கித் தயங்கிக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கட்டிய பணம் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். இப்படித்தான் தன் மனசு தனக்குப் பிடிபடுகிறது. மூலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் பிடிபடாது. உப்புப் போட்டுப் பார்க்காமல் கைப்பக்குவம் வருமா?

சர்க்காரும் இந்த வழிக்கு வந்து சேர வெகு நாளாயிற்று. தமிழ்நாட்டில் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஒன்று ஏற்பட்டது. அதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்தார்கள். தேவதாசி முறையின் கொடுமையை நேரில் அறிந்து, அதை ஒழிக்க ஆயுள் முழுவதும் பாடுபட்டவர் அவர். அம்முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நிறைவேறியது. பிறர் விதித்த வாழ்வு வேண்டாம் என்று போராடிய அந்தப் பெண்மணியின் பெயரில் பல வருஷங்கள் கல்யாணப் பணம் கொடுத்து வந்தார்கள்! 2022-ல் அதே திட்டம் உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் பாங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. 'புதுமைப் பெண்' என்று பெயர். தொகை பெரிதில்லைதான். ஆனால் மாதந்தோறும் தன் கைக்கு வரும் பணம். புத்தகமா, பஸ் செலவா என்று அவளே முடிவு செய்யலாம்.

நம் வீடுகளில் என்ன செய்யலாம்? மகளுக்கு வாரம் ஒரு சிறு தொகை கொடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள். வளையலாக வாங்கிக் குவிக்கிறாளா? குவிக்கட்டும். நூறு ரூபாயில் கற்க வேண்டிய பாடத்தை வாழ்க்கையையே பணயம் வைத்துக் கற்பானேன்?

நாற்பதைத் தாண்டிய தாய்மார்களுக்கும் ஒன்று சொல்வேன். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், அன்றைக்கு நீங்களாகப் பிரியப்பட்டுச் செய்த காரியம் ஒன்றை எழுதுங்கள். சில நாள் எழுத ஒன்றும் இராது. அதையும் அப்படியே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்தால் ஒரே விஷயம் நாலைந்து இடத்தில் தலைகாட்டும். பாட்டோ, தோட்டமோ, பாதியில் விட்ட படிப்போ! அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவே போவதில்லை என்றாலும் அது வேண்டும் என்று தோன்றுகிறதா? அப்படியானால் அது உங்கள் சொந்த ஆசைதான், சந்தேகமே வேண்டாம்.

மகளிடமும் இனி முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். அவள் உடனே பதில் சொல்லாமல் விழித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பழக்கமில்லாத கேள்வி, பதில் வரச் சற்று நாளாகும்.