கூட்டணி கையைக் கட்டிப் போட்டுவிட்டதாம்!

குர்காவ்ன் வந்து பதினோரு வருஷமாச்சு. ஆபீஸ் கேன்டீனில் அரசியல் பேச்சு வந்தால் இன்னும் விரல் என் பக்கம்தான் நீளும். "உங்க மதராஸி கட்சிகள்தான் பிரதமரைப் பொம்மையாக்கினது. தனி மெஜாரிட்டி இருந்தாத்தான் நாடு உருப்படும்." போன வாரமும் இதே பாட்டு, ராஜ்மா சாவலுக்கு நடுவில்.

நம்ம பக்கத் தப்பை முதலில் ஒத்துக்கொள்கிறேன். 2004 மே மாதம், கேட்ட இலாகா வரவில்லை என்று திமுக அமைச்சர்கள் பொறுப்பேற்காமல் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் சந்திரசேகர ராவிடம் இருந்த கப்பல் துறையைப் பிடுங்கி டி.ஆர்.பாலுவுக்குக் கொடுத்தார்கள். பாவம் ராவ், இலாகா இல்லாத மந்திரி! பிரதமரின் ஆலோசனைப்படிதான் அமைச்சர்கள் நியமனம் என்கிறது அரசியல் சாசனத்தின் 75-வது பிரிவு. ஆலோசனை கோபாலபுரத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

2012 இன்னும் மோசம். மார்ச் 14 அன்று தினேஷ் திரிவேதி ரயில் கட்டணத்தை உயர்த்தி பட்ஜெட் போட்டார். சொந்தக் கட்சித் தலைவி மம்தாவுக்குப் பிடிக்கவில்லை. நாலே நாளில் ராஜினாமா. தன் அரசின் பட்ஜெட்டைப் படித்த மந்திரியை மன்மோகன் சிங்கால் காப்பாற்ற முடியவில்லை. உயர்வும் பெரும்பாலும் வாபஸ். (ஸ்லீப்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்கு சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.)

அப்போ நண்பர் சொன்னது சரிதானே? அதுதான் இல்லை.

இதே மன்மோகன் சிங் 2008-ல் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகளை "போனால் போங்கள்" என்று விட்டார். ஆட்சியையே பணயம் வைத்து, ஜூலை 22 அன்று 275-256 என்று ஜெயித்தார். 2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து மம்தா வெளியேறியபோதும் பின்வாங்கவில்லை. வேண்டும் என்று நினைத்த இடத்தில் முதுகெலும்பு இருந்தது! பிறகு 2011 பிப்ரவரியில் டிவி ஆசிரியர்களைக் கூப்பிட்டு, கூட்டணி என்றால் சமரசம் உண்டு என்று சொன்னதை எப்படி நம்புவது? அது கட்டாயமல்ல சார், சௌகரியம்.

சரி, பலமான பிரதமர் வந்தால்? 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சியைக் கலைத்த இந்திராவுக்கு மெஜாரிட்டிக்குக் குறைவில்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நாலு மணி நேரத்தில் நோட்டைச் செல்லாததாக்கியபோது பாஜகவுக்குத் தனியாகவே மெஜாரிட்டி. மதுரையில் எழுபத்திரண்டு வயது அப்பா மூன்று நாள் வங்கி வாசலில் நின்றார். நான் இங்கிருந்து போன் மட்டும் பண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு கூட்டணித் தலைவரின் தயவு தேவைப்பட்டிருந்தால், யாராவது ஒருத்தர் "ஒரு வாரம் பொறுங்க" என்றாவது சொல்லியிருப்பார்.

2024-ல் பாஜக 240-ல் நின்றது. ஆகஸ்டில் வெளியிலிருந்து நேரடியாக அதிகாரிகளை எடுக்கும் விளம்பரம் வந்தது. எதிர்க்கட்சிகளோடு கூட்டணிக்குள்ளிருந்தே சிராக் பாஸ்வானும் எதிர்த்தார். மூன்றே நாளில் வாபஸ். இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "2004-ல உங்க கூட்டணி நாற்பதுக்கு நாற்பது ஜெயிச்சுதே, கப்பல் துறையைத் தவிர என்ன கேட்டீங்க?"

செம்மொழி என்றேன். "அப்புறம்?" என்றார். மணி ரெண்டாகிவிட்டது என்று தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.