துருவின் மேல் பூசும் பொய்

"சீலர் ஊத்திட்டாப் போதும் சார், அஞ்சு வருசத்துக்கு அசையாது." இவ்வாக்கியத்தை அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒருமுறையேனும் கேட்டிராத பழைய வண்டிக்காரர் அரிது. துருவேறிய பெட்ரோல் டேங்கினுள் பசை போன்ற ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கி, ஒரு பகல் காயவைத்து, 'டேங்க் புதுசு' என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். இது வைத்தியம் அன்று, மூடிமறைத்தல் என்பதே என் கட்சி. (டேங்கை 'எரிபொருட்கலன்' என்று எழுதாமைக்குச் சக தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க. பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் கியாஸ் அடுப்பைக் காட்டுவார்கள்.)

இலக்கியம் பேசுகிற இடத்தில் டேங்க் துருவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். குமாரலிங்கபுரம் போன்ற கரிசற்காட்டு ஊர்களில் இருசக்கர வண்டி அலங்காரப் பொருள் அன்று. விடியலில் சந்தைக்குச் சுமை ஏற்றுவதும் அதுதான், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை ஏற்றுவதும் அதுதான். பூச்சின் செதில் உரிந்து பெட்ரோல் டேப்பை அடைத்து வண்டி நடுக்காட்டில் நின்றால், நிற்பது வண்டி மட்டுமன்று. ஊசித்துளை வழியே கசிந்த பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் சொட்டினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வானம் பார்த்த இந்தப் பூமியில் துரு எங்கிருந்து வருகிறது என்று வியப்பவர் உண்டு. டேங்க் மூச்சுவிடுகிறது என்பதுதான் விடை. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் துளை வழியே வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அக்காற்றிலுள்ள ஈரம் தகட்டின் உட்புறத்தில் பனித்து, பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இது மிகுதி. ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு எப்போதும் முக்கால் டேங்க் வெறுமையாக ஓட்டுகிறவரின் வண்டியில் இன்னும் மிகுதி. ஆகத் துருவிலும் ஏழைக்கே முதலிடம்.

இனிப் பூச்சுக்கு வருவோம். இரும்புத் துரு இறுகிய தகடு அன்று. பொருக்குப் பொருக்காகப் பொருமி, ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் புழுதி அது. அதன்மேல் எதைப் பூசினாலும் அது இரும்பைப் பற்றுவதில்லை, புழுதியைத்தான் பற்றுகிறது. அடியிலுள்ள ஈரம் தன் வேலையை நிறுத்துவதுமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தகடு அரிக்க, ஒருநாள் பூச்சு தோலாக உரிந்து வருகிறது.

நம் பாட்டிமார் காலத்தில் தெருவுக்கு வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அவர் முதலில் ஈயத்தைத் தொடமாட்டார். அண்டாவைச் சாம்பலும் மணலும் இட்டுத் தேய்த்து, உலோகம் வெளுத்து மின்னும்வரை விடமாட்டார். பிறகு உலையில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, புகை எழும்ப மிச்ச அழுக்கையும் போக்குவார். அதன் பின்னரே ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஓர் இழுப்பு. ஈயம் பாத்திரத்தோடு ஒன்றாகிவிடும். அரைநாள் வேலையில் பூசுவது சில நொடிகள்தான், மற்றதெல்லாம் துலக்குதல். டேங்குக்கு சீலர் ஊற்றுகிறவரோ முழுநேரமும் பூசுகிறார், துலக்குவதே இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஈயக்காரரின் தொழிலறம், டப்பாவில் ஆங்கிலக் குறிப்போடு வரும் திரவத்தைக் கையாளுகிறவரிடம் ஏன் இல்லை?

"இந்த மாடலுக்கு டேங்க் துரு பிறவிக்குணம்" என்று ஒரு சமாதானமும் உண்டு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை சொல்வார்கள், உடன்பிறந்தது என்பதற்காக. மெய்கண்டார் மரபிலேயே களிம்பை நீக்க வழி உண்டு. இரும்பின் துருவோ உடன்பிறந்ததுகூட அன்று, நீரும் காற்றும் கூடி இடையில் வந்தது. வந்ததை அகற்ற முடியாதென்பது சோம்பலின் தத்துவம்!

எத்தனால் இச்சிக்கலை முற்றச் செய்திருக்கிறது. 2003-இல் 5 விழுக்காடு எனத் தொடங்கிய கலப்பு, 2022-இல் 10 ஆகி, 2025-இல் 20 விழுக்காட்டைத் தொட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து அடியில் படியும். பழைய பூச்சுகள் சிலவற்றை இளக்கவும் செய்யும். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரிடலாம், அது எளிய செலவுதான் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற பொதுநல மனுவை அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரப்பரை மாற்றலாம். 1996-இல் மூடப்பட்ட மைசூர் ஐடியல் ஜாவாவின் டேங்குக்கு எங்கே போவது? பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு தெரிவைக்கூட விட்டுவைக்காத கொள்கை, அவனைச் சீலர் டப்பாவிடம் அனுப்பிவைக்கிறது.

பட்டறைத் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. "ரெண்டு நாள் கழுவுறதுக்குக் கூலி கேட்டா யார் சார் குடுப்பாங்க?" என்று கேட்கிறார்கள். சரி, அப்படியானால் கழுவவில்லை என்று சொல்லிவிட்டுப் பூச வேண்டும். சொல்லாமல் ஐந்தாண்டு உறுதி தருவதுதான் என் வழக்கு.

உண்மையில் வேலை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். டேங்கைக் கழற்றிச் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்கினால் பொருக்கு உதிரும். பின் பாஸ்பாரிக் அமிலக் கரைசலோ சிட்ரிக் அமிலமோ ஊற்றி ஊறவைக்க வேண்டும். (செம்புக் குடத்துக்கு நாம் புளி தேய்ப்பதும் இதே கணக்குதான்.) கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அது விரைவில் தின்னும், ஆனால் விட்டுச்செல்லும் குளோரைடு மறுநாளே செந்துருவைக் கொண்டுவரும். ஆப்பச் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்த வேண்டும். உடனே என்றால் அந்த மணிநேரத்திலேயே.

இதற்குப் பிறகு விளக்கடித்துப் பார்த்தால் தகடு சாம்பல் நிறத்தில் தெரியும். ஓட்டை இல்லையேல் பூச்சே தேவையில்லை. கொஞ்சம் எண்ணெயை உட்புறம் முழுக்கப் படரவிட்டு, டேங்கை நிறைய பெட்ரோல் ஊற்றி வைத்தால் போதும். ஓரிரு துளைகளென்றால் பித்தளைப் பற்று வைக்கலாம். ஆனால் பெட்ரோல் ஆவி எஞ்சிய டேங்கில் நெருப்பைக் காட்டுவது தற்கொலை. பலமுறை கழுவி, நீர் நிரப்பி, பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது. சல்லடையாகத் துளைத்துப்போன டேங்குக்குத்தான், எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் இருகலவை எபாக்ஸி. அதையும் எல்லாப் பக்கமும் உருட்டிப் பரவவிட்டு, மிச்சத்தை வடித்து, சொல்லப்பட்ட நாள்கள் முழுதும் காயவிட வேண்டும். முன்பே பூசிய பழைய தோல் உள்ளே இருந்தால் அதைக் கரைத்து அகற்றியாக வேண்டும், அதன்மேல் இன்னொரு தோல் கூடாது.

பட்டறையில் வண்டியை விடுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, பூசுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுக் காட்டுவீங்களா?" காட்டுகிறேன் என்பவரிடம் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.