வழிகாட்டும் நாயும் எமது வாசலும்

செவன் கிங்ஸில் அறை தேடி அலைந்த அனுபவம் எம்மவரில் பலருக்கு உண்டு. தமிழர் வீட்டில் ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பொது. இந்நாட்டிற்கு வந்த புதிதில் எம்மைத் தாங்கியவை இத்தகைய வீடுகளே. அந்த வாசலிலே பார்வை இழந்த தமிழர் ஒருவர் வழிகாட்டும் நாயோடு வந்து நின்றால் நாம் என்ன விடை கூறுவோம்? "அறை தரலாம் தம்பி, நாய் மட்டும் வேண்டாம், வீட்டில் சாமியறை இருக்கிறது" என்போர் எம்மிடையே குறைவல்லர். அன்பாகச் சொன்னாலும் அச்சொல் அவரைத் தெருவில் நிறுத்திவிடும்.

வழிகாட்டும் நாய் பொழுதுபோக்குக்காக வளர்க்கும் செல்லப்பிராணியன்று. வீதியோரத்தில் நின்று உணர்த்தவும், படிகளைக் காட்டவும், இடையூறுகளைச் சுற்றி நடத்திச் செல்லவும் பயிற்றப்பட்ட துணை அது. இந்த ஏற்பாடே போரின் பிள்ளை. முதலாம் உலகப்போரில் கண்ணிழந்த படைவீரருக்காக 1916இல் ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரில் இதற்கான முதற் பாடசாலை தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1931இல் வொலசி என்னுமிடத்தில் முதல் நான்கு நாய்கள் பயிற்சி முடித்தன. செவிப்புலன் இழந்தோருக்கும் இன்று துணைநாய்கள் உண்டு. எறிகணையும் மிதிவெடியும் கண்ணையும் காலையும் பறித்த எமது மக்களுக்கு இத்துணையின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சட்டம் இது பற்றி மௌனமாக இல்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளியான வாடகையாளர் வேண்டுமிடத்து வீட்டுக்காரர் நியாயமான மாற்றங்களைச் செய்தல் வேண்டும். "பிராணிகள் கூடாது" என்ற ஒப்பந்த நிபந்தனையைத் துணைநாய்க்காகத் தளர்த்துவதும் அத்தகைய மாற்றமாகலாம். அந்த மாற்றத்திற்கென அவரிடம் பணம் கேட்டலும் ஆகாது. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கான 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் சாதாரண செல்லப்பிராணியைக்கூட நியாயமான காரணமின்றி மறுத்தலாகாது. ஆகவே வாடகைக்கு இருப்போர் தமது வேண்டுகோளை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுப்பையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

ஆயினும் இச்சட்டங்களுக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டுக்காரர் அதே சிறிய வீட்டில் வாழ்ந்து, சமையலறை போன்றவற்றைக் குடியிருப்பாளரோடு பகிர்ந்துகொண்டால், மேற்கூறிய கடமைகள் பெரும்பாலும் அவரைக் கட்டுப்படுத்தா. எம்மவர் வாடகைக்கு விடும் அறைகளுள் பல இத்தகையவையே. புதிதாக வந்த ஏழை அகதிக்குக் கிடைக்கக்கூடிய அறையும் அதுவே. சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில் எமது மனச்சாட்சி ஒன்றே தீர்ப்பளிக்க வேண்டியுள்ளது.

வீட்டுக்காரரின் தயக்கங்கள் யாவும் பொய்யல்ல. பிள்ளைக்குத் தொய்வு நோயோ கடுமையான ஒவ்வாமையோ இருப்பின் அது மெய்யான காரணம். அதனை மறைக்காமற் சொல்லலாம். ஆனால் ஏனையவை பேசித் தீர்க்கக் கூடியவை. சாமியறைக் கதவைச் சாத்தி வைக்கலாம். நாய் எங்கே படுப்பது, முற்றத்தை யார் துப்புரவாக்குவது என்பவற்றை முதல் நாளிலேயே ஒழுங்கு செய்துகொள்ளலாம். அஞ்சும் பிள்ளைக்கு நாயை மெல்லப் பழக்கலாம்.

"நாய் தீட்டு" என்போரிடம் ஒன்று கேட்போம். யாழ்ப்பாணத்திலே வைரவர் கோவில் இல்லாத ஊர் அரிது. அவ்வைரவரின் வாகனம் எது? மகாபாரதத்திலே தன்னோடு நடந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தவர் தருமர். அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், பார்வையற்ற ஒருவரைப் பார்த்து "நாயை விட்டுவிட்டு வா" என்று கூறலாமா?

நாமும் ஒரு நாள் அந்நியர் வாசலில் நின்றவர்கள். யாரோ கதவைத் திறந்தபடியால்தான் இன்று எமக்கெனக் கதவும் திறப்பும் உள்ளன. அடுத்த முறை மணி ஒலிக்கும்போது, வாசலில் நாயைக் காணுமுன் அதன் பக்கத்தில் நிற்கும் மனிதரைக் காண்போமாக.