விட்டதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

"குடியை விட்டுட்டே, சந்தோஷம். அதைப் போய் வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதே." மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை இது. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதற்கு அடுக்கப்படும் காரணங்களில் ஒன்றைத் தவிர வேறெதுவும் நிற்கவில்லை.

முதலில் மானம். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்பார்கள். டாஸ்மாக் வாசலில் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதே தெருக்காரர்கள்தான். குடித்தது அவர்களுக்குத் தெரியும். சிகிச்சை எடுத்ததுதான் தெரியாது. அப்படியானால் எதை மறைக்கிறோம்? சாந்தி ரங்கநாதன் பெயர்பெற்ற தொழில் குடும்பத்தின் மருமகள். குடியால் கணவரை இழந்த அவர், 1980-இல் அந்தக் கணவரின் பெயரிலேயே சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார். மானம் பார்த்திருந்தால் அந்த அமைப்பு நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை இருந்திருக்காது.

அடுத்தது, "மன உறுதி இருந்தால் போதும், யாரிடமும் சொல்ல வேண்டாம்." இதுதான் ஆபத்தான வாதம். பல ஆண்டுகள் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் பிதற்றல் தொடங்கும், இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவரிடம் "எப்பவாவது கொஞ்சம்" என்று மழுப்பினால் அவர் எதை வைத்து மருந்து கொடுப்பார்? மறைப்பதில் வீட்டாரும் குறைந்தவர்கள் அல்ல. குடிப்பவருக்கே தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கும் வீடுகள் உண்டு. அப்படிக் கலக்கப்படும் டைசல்பிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், சாவும் நேரலாம். தெரிந்து, சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது.

குடியிலிருந்து மீள்பவர்களின் இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் உறுப்பினர்களே பெயரை மறைக்கிறார்களே என்று கேட்பவர்கள் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வேலையாகப் போன பில் வில்சனுக்குக் குடிக்கும் ஆசை மீண்டும் எழுந்தது. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். மருத்துவர் பாப் ஸ்மித் கிடைத்தார். இயக்கம் பிறந்ததே அந்தப் பேச்சில்தான். பெயர் மறைப்பு பத்திரிகை, வானொலி, சினிமாவுக்கு. கூட்டத்துக்குள்ளோ பேசுவதுதான் சிகிச்சையே.

நிற்கிற காரணம் வேலை. சொன்னதற்காகப் பதவி உயர்வை இழப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதைப் பழக்கம் சார்ந்த மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்து, சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. யாரிடம் சொல்வது என்பது மீள்பவரின் முடிவு. ஒருவரிடமும் சொல்லாதே என்பது வேறு.

"மறுபடி குடித்தால் கேலிதானே மிஞ்சும்?" என்பது கடைசிக் கேள்வி. மறுபடி குடிப்பது இந்த நோயில் சகஜம். அன்றிரவே மனைவியிடமோ ஆலோசகரிடமோ சொல்லிவிட்டால் அது ஒரு நாளோடு நிற்க வாய்ப்புண்டு. சொல்லாதவர் மறுநாள் ஒரு பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய் உறுத்தும். உறுத்தலுக்கு இன்னொரு குவாட்டர். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியே" என்று தொடங்கும் வீட்டில் அவர் வாயைத் திறக்கப்போவதும் இல்லை.